சிப்பிகள் ஓய்வெடுக்கின்றன

"நல்ல எதிர்காலம் வந்து சேர்ந்துட்டுது. கெட்ட எதிர்காலம் எங்க, மிஸ்டர் வரது?"

உதவி டைரக்டர் தளவாய் இப்படிக் கேட்டபோது குமாஸ்தா வரதுவின் கையில் ஒரே ஒரு தாள் இருந்தது. அதன் உச்சியில் 'ஸ்ரீ:' என்று போட்டிருந்தான். அதற்குக் கீழே தாள் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"எழுதிண்டே இருக்கேன் சார்."

"மூணு நாளா எழுதுதீங்க. ஒரு வரி காணும். வெள்ளிக்கிழமை டைரக்டர் வாராரு, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமலா? அதை நினைத்துத்தான் வரதுவுக்கு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

தூத்துக்குடிக் கடற்செல்வ அலுவலகம் நான்கு மாதத்துக்கு முன்புவரை நிம்மதியாகத் தூங்கி வழிந்துகொண்டிருந்த இடம். அப்போதுதான் தளவாய் வெளிநாட்டில் ஆறு மாதப் பயிற்சி முடித்து நேரே இங்கே வந்து சேர்ந்தார். வெளிநாடு போனவர்கள் கைக்கடிகாரமோ டிரான்சிஸ்டரோ கொண்டு வருவார்கள். தளவாய் 'சினேரியோ' என்று ஒன்றைக் கொண்டு வந்தார்.

"எதிர்காலத்த யாராலயும் சொல்ல முடியாது. அதனால ரெண்டா எழுதி வச்சுக்கணும்" என்று முதல் நாளே விளக்கியிருந்தார். "கடல்ல அளவா எடுத்தா கி.பி. ரெண்டாயிரத்துல இந்தக் கரை எப்படி இருக்கும், அது ஒண்ணு. அளவில்லாம அள்ளுனா எப்படி இருக்கும், அது ரெண்டு. ரெண்டையும் அங்கனயே போய் நின்னு பார்த்த மாதிரி எழுதணும்."

இப்போது நடப்பது 1974. இன்னும் இருபத்தாறு வருடம் தாண்டிப் போய் நின்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. ஒரு காண்டிராக்டர் மனுப் போட்டிருந்தார். தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கு வெட்டிக்கொள்ள வேண்டும், வருடம் பன்னிரண்டு மாதமும் சங்கு குளிக்க ஆள் இறக்க வேண்டும். இரண்டுக்கும் அனுமதி கேட்டிருந்தார். டைரக்டர் வெள்ளிக்கிழமை வந்து, இரண்டு எதிர்காலங்களையும் படித்துவிட்டு, கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

"கெட்டதுதான் முக்கியம். அதப் படிச்சதும் அவரு பேனாவ மூடிச் சட்டப்பைல சொருகிரணும்" என்றார் தளவாய். "நம்ம ஆண்டறிக்கையப் பார்த்து நானே எழுதிரலாம்னு நெனச்சேன். பதினோரு வருஷத்தையும் புரட்டிட்டேன். ஒரு குறை இல்லியே! எல்லாம் அமோகமா இருக்கு. அப்பம் கெட்டதக் கற்பனை பண்ணித்தான ஆகணும்?"

அலமாரியில் நீல அட்டை போட்ட பதினோரு ஆண்டறிக்கைகளும் வரிசையாக நின்றன. அவற்றைப் பார்த்ததும் வரதுவுக்கு ஒரு நிமிடம் மனசு குளிர்ந்தது. அடுத்த நிமிடம் தளவாய் அந்தக் குளிர்ச்சியைப் போக்கினார்.

"வெள்ளிக்கிழமை காலைல என் மேஜைல பேப்பர் இல்லன்னா, உங்களப் பழவேற்காட்டுக்கு மாத்திருவேன்."

பழவேற்காடு என்றால் மெட்ராசுக்கும் வடக்கே. வரதுவின் மனைவி ஹேமாம்புஜத்துக்கு இது ஏழாம் மாதம். ஒன்பது வருடம் ஏறாத கோயில் ஏறி, கிடைக்காதென்று இருந்து கிடைத்த வயிறு. அவளை விட்டுவிட்டு எங்கே போவது?

எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். வரதுவின் குடும்பத்தைத் தெரியாதவர்களுக்குத்தான் அப்படித் தோன்றும்.

ஸ்ரீவைகுண்டத்தில் மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் யாரும் ஓர் அமங்கலச் சொல்லை வாயால் சொன்னதில்லை, கையால் எழுதியதில்லை. வீட்டு உத்தரத்தில் ஒரு தேவதை உட்கார்ந்திருக்கிறது. கீழே இருப்பவர்கள் எதைச் சொன்னாலும் அது 'அப்படியே ஆகட்டும்' என்று சொல்லிவிடும். ஆகையால் அந்த வீட்டில் விளக்கு அணையாது, குளிரும். யாரும் போகமாட்டார்கள், போய்விட்டு வருவார்கள். உப்புத் தீர்ந்துபோனால் "உப்பு ஏகமா இருக்கு" என்பாள் ஹேமாம்புஜம். வரது பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புவான். ஒரே ஒரு தடவை, வாலிப முறுக்கில், "இந்த பஸ் ஆழ்வார்திருநகரி தாண்டாது" என்று சொல்லிவிட்டான். பஸ் தாண்டவில்லை. அன்றோடு அவன் நாக்கை அடக்கிக்கொண்டான்.

தளவாய் மிரட்டிய அன்று சாயங்காலம் விஷயத்தை ஹேமாம்புஜத்திடம் சொன்னான்.

"ஏன்னா, உங்களுக்கு என்ன ஆச்சு?" ஹேமாம்புஜம் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். "ரெண்டாயிரத்துல நம்ம கொழந்தைக்கு இருபத்தாறு வயசு. அது இருக்கப்போற ஊருக்கு உங்க கையாலேயே கெடுதல் எழுதப்போறேளா?"

"எழுதலேன்னா பழவேற்காடு."

"அங்கேயும் போகப்படாது. இங்கேயும் எழுதப்படாது."

"அப்போ நான் என்ன பண்றது?"

"ஒன்பது வருஷம் பொறுத்த பெருமாளுக்கு இதுக்கு ஒரு வழி தெரியாதா? வேற யாரையாவது எழுதச் சொல்லுங்கோ."

இது நல்ல யோசனையாகத்தான் பட்டது. வியாழக்கிழமை காலையில் ஆபீஸ் பியூன் பேச்சிமுத்துவைத் தனியே அழைத்தான். பேச்சிமுத்து ஆற்றுப்பாசனத்து விவசாயக் குடும்பம். அமங்கலத்துக்கு அஞ்சாத ஆள். ஒரு நாளைக்கு நாலு பேரையாவது 'நாசமாப் போக' என்று வாழ்த்துகிறவர்.

"பேச்சிமுத்து, ஒரு ஒத்தாசை. இன்னும் இருபத்தாறு வருஷத்துல இங்கே என்னவெல்லாம் ஆகப்படாதோ, அதை உம்ம வாயால சொல்லும்."

"அம்புட்டுத்தான சாமி?" பேச்சிமுத்து உற்சாகமாகக் குந்தி உட்கார்ந்தார். "ஆத்துல தண்ணி வராது. கடைமடைக்காரன் மம்மட்டியத் தூக்கிட்டு மேமடைக்காரன் மண்டைய ஒடைப்பான். எங்க சின்ன மாமன் வரப்பத் தள்ளித் தள்ளி எங்க வயல முழுங்கிருவான். அவன் கட்டைல போவான், ஆனா வரப்பு திரும்பி வராது."

"அதெல்லாம் வயல். கடலைப் பத்திச் சொல்லும்."

பேச்சிமுத்து ஜன்னல் வழியே கடலை எட்டிப் பார்த்தார். "கடல்ல தண்ணி வத்தாதுல்லா சாமி? பொறவு அதுக்கு என்ன கெடுதல் வரும்?"

வரது தாளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தான். கடலைப் பற்றிக் கடல்காரனிடம் கேட்காமல் வயல்காரனிடம் கேட்டது தன் தப்புத்தான் என்று தேற்றிக்கொண்டு கரைக்கு நடந்தான். அங்கே சங்கு குளிக்கிற அம்புரோஸ் வள்ளத்தின் நிழலில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்புரோஸ், இந்தக் கரைக்கு எது வந்தா ரொம்ப மோசம்னு நினைக்கிறீர்?"

"எம் மவன் மூச்ச அடக்குத இந்தத் தொழிலுக்கு வாரதுதான்."

வரது ஆவலோடு குறித்துக்கொண்டான். அதாவது குறிக்கவில்லை. பென்சிலைத் தாளுக்கு ஓர் அங்குலம் மேலே பிடித்துக்கொண்டான். "சரி, எது வந்தா நல்லது?"

"கடல்ல ஒண்ணுமில்லாமப் போயிரணும் சாமி. சங்கும் இல்ல, சிப்பியும் இல்லன்னு ஆயிட்டா அவன் வேற வழி இல்லாம படிச்சு, ஆபீஸ் காத்தாடிக்கு அடில உக்காந்துருவான்லா?"

வரதுவுக்குத் தலை சுற்றியது. கடலில் ஒன்றுமில்லாமல் போவது தளவாய்க்குக் கெட்ட எதிர்காலம். அம்புரோஸுக்கு நல்ல எதிர்காலம். கடல் செழித்துக் கிடந்தால் தளவாய்க்கு நல்லது; அம்புரோஸ் மகனுக்குக் கெட்டது. எந்தத் தாளில் எதைச் சேர்ப்பது?

"ஆனா அதுக்கு ரெண்டாயிரம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்" என்றார் அம்புரோஸ், கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல். "முந்தி ஒரு முங்குக்கு நாலு சங்கு எடுப்பேன். இப்பம் நாலு முங்குக்கு ஒண்ணு. அதுவும் பெருவெரல் தண்டிதான். முத்துக்குளிப்பு நடந்து பதிமூணு வருஷம் ஆச்சு. அடில சிப்பியே கெடையாது."

"ஓய்வெடுத்துண்டிருக்கும்" என்றான் வரது பழக்கதோஷத்தில்.

"ஓய்வா? செத்துப்போச்சு சாமி!"

"நாராயணா! அப்படியெல்லாம் சொல்லப்படாது." வரது காதைப் பொத்திக்கொண்டு ஆபீசுக்கு ஓடிவந்தான்.

ஓடிவந்த வேகத்தில்தான் வழி புலப்பட்டது. இவ்வளவு நாளாக இது ஏன் தோன்றவில்லை என்று தன்னையே கடிந்துகொண்டான். கெட்டதை எழுதத்தான் கூடாது. கெட்டதை நல்ல வார்த்தையில் எழுதினால் யாருக்கு என்ன? உப்பு ஏகமாக இருக்கிறது என்று சொன்னால் கடைக்குப் போக அவனுக்குத் தெரியவில்லையா? டைரக்டர் படித்தவர். அவருக்குத் தெரியாதா?

மத்தியானம் மூன்று மணிக்குள் எழுதி முடித்துவிட்டான். தலைப்பில் 'கெட்ட' என்று போட மனசு வரவில்லை. 'எதிர்காலம்: இரண்டு' என்று போட்டான். அதற்குப் பொருத்தமாக, முன்பே எழுதிக் கொடுத்திருந்த நல்ல எதிர்காலத்தின் தலைப்பையும் 'எதிர்காலம்: ஒன்று' என்று மாற்றினான். தளவாய் வாங்கிப் படித்தார்.

'கி.பி. இரண்டாயிரத்தில் இக்கரையின் மீனவர் எவரும் விடியற்காலையில் எழுந்து குளிரில் வருந்துவதில்லை. வள்ளங்கள் யாவும் மணலில் சுகமாகச் சாய்ந்திருக்கின்றன. கடல் தெளிவாக, எவ்வித நடமாட்டமும் இன்றி அமைதியாக விளங்குகிறது. சிப்பிகள் பூரண ஓய்வெடுக்கின்றன. தீவுகள் தங்கள் தனிமை தீர்ந்து கடலன்னையின் மடியைச் சேர்ந்துவிட்டன.'

தளவாய் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"மிஸ்டர் வரது, இது கெட்டதுதான?"

"ரொம்பக் கெட்டது சார்."

"பயமே வர மாட்டேங்குதே?"

"உள்ளே இருக்கு சார் பயம்."

"அத வெளிய எடுங்க. இன்னும் கடுமையா எழுதுங்க. படிக்கிறவனுக்கு ராத்திரி தூக்கம் வரக் கூடாது."

வரது மறுபடி உட்கார்ந்தான். கெடுதல் கூடக்கூட வார்த்தையும் அதற்கேற்ப மங்களமாக வேண்டும் அல்லவா? ஊருக்குள் கடல் புகுந்துவிடும் என்பதை, 'கடலரசன் ஊருக்குள் எழுந்தருளி வீடுதோறும் சேவை சாதிக்கிறான்' என்று எழுதினான். கிணறெல்லாம் உப்பாகிவிடும் என்பதை, 'எந்தக் கிணற்றில் மொண்டாலும் சமையலுக்கு உப்புத் தனியே தேவையில்லை' என்று முடித்தான். குடிக்க நல்ல தண்ணீர் கிடைக்காது என்பதற்கு என்னவெல்லாமோ யோசித்து, 'மக்கள் குடிநீரைச் சீசாக்களில் அடைத்துக் கடைகளில் அழகாக விற்பனை செய்கின்றனர்' என்று சேர்த்தான்.

தளவாய்க்கு மற்றதெல்லாம் புரிந்ததோ இல்லையோ, கடைசி வரியில் சிவப்பு மையால் ஓங்கி ஒரு கோடு போட்டார்.

"தண்ணிய எவனாவது சீசால போட்டு விப்பானா? டைரக்டர் சிரிப்பாரு. நடக்கக் கூடியத மட்டும் எழுதணும் மிஸ்டர் வரது."

மற்றதைத் தட்டச்சுக்கு அனுப்பிவிட்டார். நேரமும் இல்லை, மணி ஐந்தாகிவிட்டது.

சாயங்காலம் வரது நகலை வீட்டில் படித்துக் காட்டினான். ஹேமாம்புஜம் கண்ணை மூடிக் கேட்டாள்.

"காது குளிர்ந்துபோச்சுன்னா. இப்படி ஒரு ஊர்ல வாழ நம்ம கொழந்தை குடுத்து வச்சிருக்கணும். இது நல்ல எதிர்காலம்தானே?"

வரது தாளை மடித்துக்கொண்டான். "இது... இன்னொண்ணு" என்றான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டைரக்டர் வெள்ளத்துரை வந்தார். கனத்த மனிதர். காண்டிராக்டரின் மனுவை ஒரு பக்கமும் இரண்டு எதிர்காலங்களை மறுபக்கமும் வைத்துக்கொண்டு, பேனா மூடியைத் திறந்து, படிக்கத் தொடங்கினார். எதிரே தளவாய் நின்றார். அவருக்குப் பின்னால் வரது நின்றான். பேச்சிமுத்து காப்பி வாங்கிவரப் போயிருந்தார்.

முதல் எதிர்காலத்தைப் படிக்கப் படிக்க டைரக்டரின் முகம் சுண்டியது. அது நல்ல எதிர்காலம். நல்லதைச் சொல்லுவதில் பயம் இல்லையாதலால் வரது அதை உள்ளது உள்ளபடி எழுதியிருந்தான். 'நான்கு மாதம் யாரும் சங்கு குளிக்கக் கூடாது. குஞ்சுச் சங்கு கிடைத்தால் திரும்பக் கடலில் போட வேண்டும். பவளப்பாறையில் ஒரு கல்லைக்கூடத் தொடக் கூடாது. மீறினால் வள்ளம் பறிமுதல்.'

"கூடாது, கூடாது, கூடாது!" டைரக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "கெட்ட எதிர்காலத்த பயங்கரமா எழுதியிருக்கீங்க தளவாய். எனக்கே வேர்த்துப்போச்சு."

தளவாய் வாயைத் திறந்தார். "சார், அது..."

"இருங்க. நல்லதையும் பார்த்துருதேன்."

இரண்டாவதைப் படித்தார். முகம் மலர்ந்தது. ஒரு வரியை வாய்விட்டே படித்தார். "'கடலரசன் ஊருக்குள் எழுந்தருளி வீடுதோறும் சேவை சாதிக்கிறான்.' அடடா! அரசாங்கத்துல இப்படித் தமிழ் எழுத ஆள் இருக்கா? மீனவன் குளிர்ல வருந்த வேண்டாம்! இந்த எதிர்காலத்துக்குத்தான நாம எல்லாரும் பாடுபடுதோம்?"

தளவாய் மெல்லப் பின்னால் சாய்ந்து வரதுவிடம் கிசுகிசுத்தார். "ஒண்ணு நல்லதா, ரெண்டு நல்லதா?"

"ஒண்ணு சார்."

"அப்பம் ரெண்டு ஏன் நல்லா இருக்கு?"

"அது கெட்டது சார். அதனாலதான்."

தளவாய் இதைப் புரிந்துகொள்ள முயன்றார். முடியவில்லை. அதற்குள் டைரக்டர், "இத உங்க யோசனைன்னு மந்திரி காதுல போடுதேன் தளவாய்" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு தளவாய்க்குப் புரிந்துகொள்ள வேண்டிய அவசரமும் இல்லாமல் போயிற்று. டைரக்டர் காண்டிராக்டரின் மனுவைத் தன் பக்கம் இழுத்தார்.

வரது அந்தப் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணுக்கு இரண்டாயிரமாவது வருடம் தெரிந்தது. தளவாய் சொன்ன மாதிரியே, அங்கேயே போய் நின்று பார்த்தது போலத் தெரிந்தது. இருபத்தாறு வயதில் ஒரு பிள்ளை, தன் மூக்கும் ஹேமாம்புஜத்தின் கண்ணுமாக, காலியான கரையில் நின்று, தீவு எந்தப் பக்கம் இருந்தது என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தது. பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

பேனா தாளைத் தொட்டது.

"கையெழுத்துப் போடாதீங்கோ சார்!"

டைரக்டர் நிமிர்ந்தார். "யாரு நீங்க?"

"ரெண்டாவதுதான் சார் கெட்டது! மீன் செத்துப்போயிடும். சங்கு அழிஞ்சுபோயிடும். தீவு முழுகிப்போயிடும். ஊருக்குள்ள கடல் வந்து எல்லாரும் நாசமாப் போயிடுவா சார்!"

முப்பத்தாறு வருடமாக அடக்கி வைத்த வார்த்தைகள் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. சொல்லி முடித்ததும் வரது அண்ணாந்து பார்த்தான். ஆபீசில் உத்தரம் இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"இதுல 'ஓய்வெடுக்கின்றன'ன்னுதான போட்டிருக்கு?"

"ஓய்வுன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தம் சார்!"

"எந்த ஊர்ல அய்யா அப்படி அர்த்தம்?" டைரக்டர் மேஜையைக் குத்தினார். "கடல் நல்லா இருக்கு. எனக்குத் தெரியும். தளவாய், அந்த ஆண்டறிக்கைய எடுங்க!"

தளவாய் நீல அட்டைகளில் ஒன்றை உருவிக் கொடுத்தார். டைரக்டர் பிரித்து, குரலை உயர்த்திப் படித்தார்.

"போன வருஷம். 'இவ்வாண்டும் முத்துச்சிப்பிகள் பூரண ஓய்வெடுத்தன. சங்குகள் ஆழத்தில் சுகமாக உள்ளன.' அதுக்கு முந்தின வருஷம் நானே படிச்சிருக்கேன். 'வள்ளங்கள் பெரும்பாலும் கரையில் இளைப்பாறின.' பாத்தீங்களா? இத நம்பித்தான் பதினோரு வருஷமா மெட்ராஸ்ல கையெழுத்துப் போடுதோம். மீன் பிடிக்க வள்ளம் கேட்டான், கொடுத்தோம். சங்கு குளிக்க ஆள் கேட்டான், கொடுத்தோம். ஒரு வருஷமாவது கெட்டுப்போச்சுன்னு ஒரு வரி இருக்கா?"

தளவாய் இல்லை என்று தலையாட்டினார். வரது அந்த நீல அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் பேச்சிமுத்து காப்பித் தட்டோடு வந்து நின்றார்.

"இத எழுதுனவன் கடல அறிஞ்சவன்" என்றார் டைரக்டர். "அவன் வந்து என் முன்னால நின்னு, செத்துப்போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். இந்த மனுவ இப்பமே கிழிச்சுப் போடுதேன். யாரு அவன்? கூப்பிடுங்க!"

பேச்சிமுத்து காப்பியை மேஜை மேல் வைத்தார்.

"கூப்பிடணுமா அய்யா? பதினோரு வருஷமா அத எழுதுதவுக, இந்தா உங்க முன்னால நின்னு செத்துப்போச்சுன்னு சொல்லுதாகல்லா, இவுகதான்."